சிறு ஊரகத் தொழில்களின் திறனைத் தொடர்புகள் உண்மையிலேயே வளர்க்கின்றனவா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நகரத்திலிருந்து தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் கடைசல் பட்டறை நடத்தி வருகிறேன். சுத்தியல், கோடரி, உளி போன்ற கருவிகளுக்கு மரக் கைப்பிடி கடைந்து கொடுப்பதே எங்கள் தொழில். என்னையும் சேர்த்து ஒரு சிலரே வேலை செய்கிறோம். தொழில்முனைவோருக்கான பயிற்சி எதற்குப் போனாலும், கடன் வேண்டி எந்த அலுவலகத்துக்குப் போனாலும், "தொடர்புகளை வளர்த்துக்கொள்ளுங்கள், வலைப்பின்னலை விரிவாக்குங்கள்" என்ற அறிவுரை தவறாமல் கிடைக்கிறது. அதை ஏற்றுக் கண்காட்சிகளுக்குச் செல்கிறேன். தொழில் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருக்கிறேன். வாட்ஸ்அப் குழுக்கள் சிலவற்றிலும் இருக்கிறேன்.

கைபேசியில் எண்கள் கூடியிருக்கின்றன. பட்டறையின் திறன் கூடியிருக்கிறதா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. எங்களுக்குக் குறைவாக இருப்பவை மூன்று. எல்லாக் கைப்பிடிகளும் ஒரே தரத்தில் வெளியே போவதில்லை. பெரிய ஆர்டர் வந்தால் ஏற்றுக்கொள்ளப் போதிய ஆளும் எந்திரமும் இல்லை. வங்கி ஏற்கும் வகையில் கணக்கு வைக்கும் பழக்கமும் இன்னும் முழுமையாக வரவில்லை. இவற்றுள் எதை எந்த வகையான தொடர்பு சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது என்பதை அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். பட்டறையை விட்டு வெளியே செலவிடும் ஒவ்வொரு நாளும் உற்பத்தி நிற்கும் நாள் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்தமாகக் கேட்கிறேன்.

பதில் 1

வணக்கம் ஐயா. சிறு தொழில்முனைவோருக்குப் பயிற்சி அளிக்கும் பணியில் இருக்கிறேன். "தொடர்பு" என்ற ஒரே சொல்லில் மிகவும் வேறுபட்ட இரண்டு உறவுகளை அடக்கிவிடுவதுதான் உங்களுக்கு ஏற்பட்டிருக்கும் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஒன்று செய்தியைக் கொண்டுவரும் உறவு. மற்றொன்று செய்முறையைக் கொண்டுவரும் உறவு.

செய்தி பெரும்பாலும் அதிகம் பழகாதவர்களிடமிருந்தே வருகிறது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் விளக்குகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டனில், தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், தகவல் தந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்து வந்தீர்கள் என்று அவர் விசாரித்தார். எப்போதாவது அல்லது மிக அரிதாகத்தான் சந்தித்தோம் என்றவர்களே ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இருந்தனர். நெருக்கமானவர்களுக்குத் தெரிந்தது ஏறக்குறைய நமக்கும் தெரிந்திருக்கும். நம் வட்டத்துக்கு வெளியே உலவுபவருக்குத்தான் நாம் கேள்விப்படாதது தெரியும். புதிய வாங்குநர் யார், எந்த மரம் எங்கே கிடைக்கிறது, எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்பன போன்றவற்றுக்கு உங்கள் கண்காட்சிப் பழக்கமும் வாட்ஸ்அப் குழுக்களும் போதுமானவை. ஆனால் அவற்றிடம் அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

செய்முறை அப்படி வருவதில்லை. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், கையால் செய்ய வேண்டும், தவறும்போது பக்கத்தில் ஒருவர் திருத்த வேண்டும். பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இலேயே இதைக் கவனித்து எழுதினார். ஒரே தொழிலைச் செய்பவர்கள் நெருங்கி வாழும் இடத்தில் அத்தொழிலின் நுணுக்கங்கள் இரகசியமாக நிற்பதில்லை, காற்றில் கலந்ததுபோல் பரவி, குழந்தைகள்கூடத் தம்மையறியாமல் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. தொழில் திரண்டிருக்கும் ஊர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் இந்தப் பேறு, சுற்றிலும் தம் தொழிலைச் செய்பவர் எவரும் இல்லாத கிராமத்துப் பட்டறைக்குக் கிடைப்பதில்லை. ஆகவே, ஊரகத் தொழில்களுக்கு நெட்வொர்க் என்பது அலங்காரமான கூடுதல் வேலை அன்று. பக்கத்துப் பட்டறை இல்லாத குறையை முயன்று ஈடுசெய்யும் ஏற்பாடு. அந்த நோக்கத்தோடு அமைந்தால்தான் அது திறனை வளர்க்கும்.

உங்கள் தொழிலிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். அனுப்பும்போது இறுக்கமாக இருக்கும் கைப்பிடி, சில மாதங்களில் கருவியின் தலைப்பகுதியில் தளர்ந்துவிடுகிறது என்ற புகார் இத்தொழிலில் அடிக்கடி வருவது. பெரும்பாலான நேரங்களில் கடைசலில் குறை இருப்பதில்லை. ஈரம் போகாத மரத்தைக் கடைந்ததனால், அது பின்னர் காய்ந்து சுருங்கிவிடுகிறது. "நன்றாகக் காய்ந்த மரத்தை வாங்குங்கள்" என்று குழுவில் ஒருவர் எழுதுவது செய்தி. அதே சிக்கலைத் தீர்த்த ஒரு பட்டறைக்குள் நீங்கள் போய் நிற்கும்போது பார்ப்பது வேறு. மரத்தின் நுனியை விட்டுவிட்டு நடுப்பகுதியில் ஒரு துண்டை வெட்டுகிறார்கள், உடனே எடை போடுகிறார்கள், 103 பாகை செல்சியஸ் அளவில் எடை மேலும் குறையாத வரை உலர்த்தி மீண்டும் எடை போடுகிறார்கள். 230 கிராம் இருந்த துண்டு 200 கிராமில் நின்றால், குறைந்த 30 கிராமை 200-ஆல் வகுத்து, ஈரப்பதம் 15 சதவீதம் என்று அந்த அடுக்கின் மேல் சுண்ணக்கட்டியால் எழுதிவைக்கிறார்கள். நுனியை ஏன் விட்டார்கள் என்று கேட்டால், நுனி சீக்கிரம் காய்ந்துவிடும், அதை அளந்தால் உள்ளிருக்கும் ஈரம் தெரியாது என்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்புத்தான் நேரில் போவதன் பயன். கேட்க வேண்டிய கேள்வி எது என்பதே அங்கே போய் நிற்கும்போதுதான் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. வெளியிலிருந்து வரும் அறிவைப் பயன்படுத்திக்கொள்ள, அது தொடர்பான அறிவு உள்ளே ஓரளவு முன்பே இருந்தாக வேண்டும் என்பதை வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் ஆகிய இருவரும் 1990-இல் விரிவாக எடுத்துக்காட்டினர். அவர்கள் ஆராய்ந்தது பெரிய நிறுவனங்களை என்றாலும், என் பார்வையில் சிறு பட்டறைக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது. எந்த அடுக்கு மரத்திலிருந்து எந்தத் தொகுப்பு கடையப்பட்டது, அவற்றுள் எத்தனை திரும்பி வந்தன என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பவர், இன்னொரு பட்டறையில் பார்த்ததைத் தன் கணக்கோடு ஒப்பிட்டு உடனே ஒரு முடிவுக்கு வருவார். அந்த நோட்டு இல்லாதவருக்கு அதே பயணம் இனிய சந்திப்பாக மட்டும் முடிந்துவிடும்.

பதில் 2

வணக்கம். உற்பத்தியாளர் கூட்டமைப்பு ஒன்றின் நிர்வாகத்தில் இருக்கிறேன். உங்களுடைய இரண்டாவது குறையை, அதாவது பெரிய ஆர்டரை ஏற்க முடியாத நிலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கற்றுக்கொள்வதற்கான உறவைப் பற்றி முந்தைய பதில் நன்றாகவே சொல்லியிருக்கிறது. சேர்ந்து செய்வதற்கான உறவு அதைவிடக் கடினமானது. அதில் பணம் நுழைகிறது, கெடு நுழைகிறது, ஒருவர் செய்த பிழைக்கு மற்றவர் பெயர் கெடும் நிலை நுழைகிறது.

ஒரு பட்டறையால் முடியாத ஆர்டரை நான்கு பட்டறைகள் பிரித்துக்கொண்டால் முடியும் என்பது கணக்கில் எளிது. நடைமுறையில் அது பெரும்பாலும் எங்கே உடைகிறது என்றால், சரக்குத் திரும்பி வரும்போது. நான்கு பட்டறைகளின் கைப்பிடிகள் ஒரே லாரியில் ஏறி, வாங்குநர் அவற்றுள் ஒரு பகுதியை நிராகரித்துவிட்டால், அது யாருடையது என்ற வாக்குவாதத்திலேயே கூட்டு கலைந்துவிடும். அதனால் ஆர்டரைப் பிரிப்பதற்கு முன்பே சில ஏற்பாடுகளைச் செய்துவிட வேண்டும். வாங்குநர் ஒப்புக்கொண்ட சாம்பிள் ஒன்று எல்லாப் பட்டறைகளிலும் இருக்க வேண்டும். கைப்பிடியின் முனை நுழையும் துளை கொண்ட ஒரே அளவிலான இரும்புத் தகடு எல்லோரிடமும் இருக்க வேண்டும். ஸ்கேலால் அளந்தால் ஆளுக்கு ஆள் மாறும், தகட்டுத் துளையில் நுழைகிறதா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு கட்டிலும் பட்டறையின் அடையாளக் குறி இருக்க வேண்டும். நிராகரிக்கப்பட்டதன் செலவை அந்தக் குறிக்குரியவர் ஏற்க வேண்டும் என்பதையும், போக்குவரத்தில் ஏற்படும் சேதத்தை எல்லோரும் பகிர வேண்டும் என்பதையும் எழுதிக் கையொப்பம் இட்டிருக்க வேண்டும். இவையெல்லாம் வறட்டு விதிகளாகத் தோன்றலாம். ஆனால் திறன் வளர்வது இந்த இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பொதுத் தகட்டுக்கு ஒப்புக்கொண்ட அன்றே நான்கு பட்டறைகளின் தரமும் ஒன்றையொன்று இழுத்து மேலே வரத் தொடங்கிவிடுகிறது.

எந்திரத்தைப் பொதுவில் வாங்கிப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், எலினோர் ஆஸ்ட்ராமின் ஆய்வுகளைப் பற்றித் தெரிந்துகொள்வது பயனுள்ளது. பாசன நீர், மேய்ச்சல் நிலம், மீன்பிடிப் பகுதி போன்ற பொது வளங்களை மக்கள் தாமாகவே நீண்டகாலம் காத்து வந்த இடங்களை ஆராய்ந்ததற்காக 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர் அவர். நிலைத்து நின்ற ஏற்பாடுகளில் பயன்படுத்துபவர்களே விதிகளை வகுத்துக்கொண்டார்கள், கண்காணிப்பவர்கள் பயனாளிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார்கள், விதியை மீறியவருக்கு முதல் முறை இலேசான தண்டனையும் அடுத்தடுத்த முறை கூடுதலான தண்டனையும் இருந்தன என்று அவர் காட்டினார். முதல் பிழைக்கே ஒருவரை வெளியேற்றும் குழு ஆட்களை இழக்கிறது. எந்தப் பிழைக்கும் எதுவும் செய்யாத குழு எந்திரத்தை இழக்கிறது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பது நியாயம். அதற்காகத்தான் சில நாடுகளில் இணைப்பாளர் என்ற பொறுப்பை உருவாக்கினார்கள். டென்மார்க் அரசு 1989-இல் தொடங்கிய திட்டத்தில், சிறு நிறுவனங்களைச் சேர்த்துவைப்பதையே பணியாகக் கொண்டவர்களுக்குப் பயிற்சி அளித்து அனுப்பினார்கள். சேர்ந்து செய்யக்கூடிய தொழில் உண்டா என்று முதலில் ஆராய ஒரு நிதி, பின்னர் திட்டமிட ஒரு நிதி, அதன் பின்னரே செயல்படுத்த ஒரு நிதி என்று படிப்படியாக உதவி அளிக்கப்பட்டது. அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் சேர்க்கையே குறிக்கோளாகிவிடாமல், சேர்ந்து செய்யும் காரியம் முதலில் உறுதியாகிறது. அரசு அனுப்பாவிட்டாலும், குழுவில் ஒருவருக்குப் படி கொடுத்து அந்த வேலையை ஒப்படைக்கலாம். ஊதியமின்றி ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால் அவர் சோர்ந்துபோகும் நாளில் குழுவும் படுத்துவிடும்.

பதில் 3

மேலே எழுதிய இருவரிடமும் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. ஆனாலும் சில எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட்டால் கேள்வி கேட்டவருக்கு முழுப் படம் கிடைக்காது. நானும் ஊரகத்தில் சிறு தையல் கூடம் நடத்தும் பெண்தான்.

முதலில் சான்றைப் பார்ப்போம். கூடிப் பேசுவதால் தொழில் வளர்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். வளரக்கூடியவர்கள்தாம் கூட்டத்துக்கு வருகிறார்களோ என்ற ஐயம் எப்போதும் உண்டு. அந்த ஐயத்தைக் களைய முயன்ற ஆய்வு ஒன்றை ஜிங் காய், ஆடம் சைடல் ஆகிய இருவரும் சீனாவின் நான்சாங்கில் நடத்தினர்; முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன சுமார் 2,800 நிறுவனங்களிலிருந்து குலுக்கல் முறையில் ஒரு பகுதியைத் தேர்ந்து, அவற்றின் மேலாளர்களைப் பத்துப் பேர் அளவிலான குழுக்களாகப் பிரித்து, ஓராண்டுக்கு மாதந்தோறும் சந்திக்க வைத்தார்கள். சந்திக்காத நிறுவனங்களோடு ஒப்பிடுகையில் அவற்றின் விற்பனை வருவாய் 8.1 சதவீதம் கூடியது. கூட்டங்கள் முடிந்து ஓராண்டு கடந்தும் அந்தப் பயன் நிலைத்திருந்தது. இது கிராமத்தில் நடந்த ஆய்வு அன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இருந்தும் அதில் நமக்கு மிகவும் பயன்படும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. தம்மைவிடப் பெரிய நிறுவனங்கள் உள்ள குழுவில் சேர்க்கப்பட்டவை கூடுதலாக வளர்ந்தன. மேலும், ஒருவருக்கு மட்டும் தெரிவிக்கப்பட்ட தொழில் தகவல், குழுவில் போட்டியாளர்கள் இருந்தபோது குறைவாகவே பகிரப்பட்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, குழுவின் அளவைவிட அதில் யார் இருக்கிறார்கள் என்பதே முக்கியம் என்பதுதான். எல்லோரும் ஒரே நிலையில் இருக்கும் குழு ஆறுதல் தரும். ஆனால் எல்லோருக்கும் ஒரே சந்தேகமே இருக்கும்போது விடையை யார் சொல்வது? ஒரு படி முன்னால் நிற்பவர் ஓரிருவராவது இருக்க வேண்டும். நேரடிப் போட்டியாளர்களாக இல்லாதவர்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். கணக்கு வைப்பதை நீங்கள் கடைசல்காரரிடம்தான் கற்க வேண்டும் என்பதில்லை. ஒழுங்காகக் கணக்கு வைக்கும் ஒரு தையல் கூடமோ மண்பாண்டத் தொழிலகமோ போதும். அன்றாட வரவு செலவு, வரவேண்டிய பாக்கி, கையிருப்புச் சரக்கு ஆகியவை எல்லாத் தொழிலுக்கும் பொது. போட்டியாளர் அல்லாதவர் என்பதால் அவர் தன் ஏட்டைத் தயங்காமல் திறந்தும் காட்டுவார்.

அடுத்தது, குழுவில் குரல் யாருக்கு என்பது. கூட்டம் மாலையில், தொலைவில், வாகனம் இருப்பவர்கள் மட்டுமே வரக்கூடிய இடத்தில் நடந்தால், வீட்டுப் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கும் பெண்களும் கூலியாட்கள் வைக்க இயலாத மிகச் சிறியவர்களும் தாமாகவே விலகிப்போவார்கள். அவர்கள் விருப்பமில்லாமல் வரவில்லை என்று பின்னர் அறிக்கையில் எழுதப்படும். பயிற்சி வாய்ப்பு, பொது ஆர்டரில் பங்கு, மானியத் தகவல் எல்லாம் முன்வரிசையில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடமே தங்கிவிடும் குழுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நெட்வொர்க், ஏற்கெனவே திறன் உள்ளவருடைய திறனைத்தான் வளர்க்கிறது. கூட்டத்தை ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் தொழிலிடத்தில், பகல் நேரத்தில் வைத்தால் இந்தக் குறை கணிசமாகத் தீரும். முதல் பதிலில் சொல்லப்பட்டிருப்பதுபோல் செய்முறையை நேரில் பார்ப்பதற்கும் அதுவே வழி.

கடன் பற்றியும் ஒரு சொல். ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன் 1864-இல் ஹெட்டெஸ்டார்ஃபில் தொடங்கிய கடன் சங்கம் சிறிய வட்டாரத்துக்குள்ளேயே இயங்கியது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்ததால், ஈடு வைக்கச் சொத்து இல்லாதவருக்கும் அவருடைய உழைப்பையும் நாணயத்தையும் பார்த்துக் கடன் தர முடிந்தது. அந்தக் கடனுக்கு உறுப்பினர் எல்லோரும் வரம்பின்றிப் பொறுப்பேற்றார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒருவர் கட்டாதபோது மற்றவர் கட்ட வேண்டும் என்ற நிலை, நெருங்கிய உறவை முறித்துவிடவும் கூடும். எனவே குழுப் பொறுப்பில் கடன் எடுப்பதைக் குழு சேர்ந்த உடனே செய்யாமல், சரக்கைச் சேர்ந்து வாங்கிச் சேர்ந்து பணம் கட்டிப் பழகிய பின் செய்வதே நல்லது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இதுவரை நான் சேர்த்தவை எல்லாம் செய்திக்கான தொடர்புகளே என்பது இப்போது தெளிவாகிறது. ஒரே ஒரு ஐயம் மிஞ்சியிருக்கிறது. எங்களுக்கு அடுத்த கிராமத்தில் அதே வகைக் கைப்பிடி செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. சேர்ந்து வேலை செய்வதற்கு மிக அருகில் இருப்பவரும் அவரே, நேரடிப் போட்டியாளரும் அவரே. அவரோடு எந்த அளவு வரை போகலாம்?

பதில் 2

நல்ல கேள்வி. போட்டியாளர் என்பதற்காக அவரை ஒதுக்கிவிடாதீர்கள். அதற்காக எல்லாவற்றையும் திறந்துவைக்கவும் வேண்டாம். செலவைக் குறைக்கும் இடங்களில் சேருங்கள். மரத்தைச் சேர்ந்து வாங்குவது, ஒரே உலர்த்தும் கொட்டகையைப் பயன்படுத்துவது, கடைசல் உளிகளைத் தீட்ட ஒரே ஆளை அழைப்பது ஆகியவற்றில் இருவருக்கும் ஆதாயம் உண்டு. வாடிக்கையாளரைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசத் தேவையில்லை. வாங்குநர் பட்டியல், ஒவ்வொருவருக்கும் நீங்கள் சொல்லும் விலை ஆகியவை உங்களோடு இருக்கட்டும். விற்பனை விலையை இருவரும் பேசி வைத்துக்கொள்வது பல நாடுகளில் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்பதால், அந்தப் பேச்சை நல்லெண்ணத்தோடுகூடத் தொடங்க வேண்டாம். கூட்டு ஆர்டரை எடுக்க நேர்ந்தால், வாங்குநருக்கு இரண்டு பட்டறைகளிலும் வேலை நடக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். பின்னர் அவர் தானே கண்டுபிடித்தால் இருவர் மேலும் நம்பிக்கை போய்விடும்.

பதில் 1

இதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அவரை முதலில் ஆர்டரைப் பற்றிப் பேச அழைக்காமல், உங்கள் மர அடுக்கின் ஈரப்பதத்தை அளக்கும்போது உடன் இருக்க அழையுங்கள். தளரும் கைப்பிடி இருவருக்கும் உள்ள சிக்கல், அதைத் தீர்ப்பதில் யாருடைய வாடிக்கையாளரும் யாரிடமும் போய்விடப் போவதில்லை. அடுத்த முறை அவர் உங்களைத் தன் பட்டறைக்கு அழைக்கிறாரா என்று பாருங்கள். அழைத்தால் மரத்தைச் சேர்ந்து வாங்கும் பேச்சைத் தொடங்கலாம். அழைக்காவிட்டால், அதே கேள்விகளோடு சற்றுத் தொலைவில் உள்ள, உங்கள் சந்தையில் விற்காத ஒரு கடைசல் பட்டறையைக் கண்காட்சித் தொடர்புகள் வழியாகத் தேடுங்கள். அந்த வாட்ஸ்அப் குழுக்கள் உங்களுக்கு மிகவும் உதவப்போவது அத்தகைய ஒருவரைக் கண்டுபிடிப்பதில்தான்.